மாப்பிள்ளையின் காதுவலி

அந்தக் கடல்சிங்கத்துக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர். வந்து இறங்கிய அன்றைக்கே அது, போட்ட மீனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேறு மீன் வந்தது. அதையும் தொடவில்லை. கடைசியில் எங்கிருந்தோ தருவித்த மீனை, யாருக்கோ உபகாரம் செய்வதுபோல வாயில் வாங்கிக்கொண்டது. "மாப்பிள்ளை முறுக்கு" என்றார் அவர். அதன்பிறகு சாப்பாடு வைப்பவரிலிருந்து தொட்டி கழுவுகிறவர் வரைக்கும் எல்லோரும் "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா? மாப்பிள்ளைக்கு இன்னைக்கு என்ன கோபம்?" என்றே கேட்கத் தொடங்கினார்கள். அதுவும் அந்த மரியாதையைத் தனக்கு உரியதுதான் என்பதுபோல ஏற்றுக்கொண்டது.

மீன் காட்சியகம் நகரத்தின் பெரிய வணிக வளாகத்துக்கு அடியில், வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஒரு தளம் கீழே இருந்தது. அதன் முதலாளி அதற்கு முன்பு குளியல் தொட்டியும் வாஷ்பேசினும் விற்றுக்கொண்டிருந்தவர். தண்ணீரை ஒரு இடத்தில் நிறுத்திவைக்க மக்கள் காசு கொடுப்பார்கள் என்பதை அந்த வியாபாரத்தில் தெரிந்துகொண்டார். அந்தத் தண்ணீருக்குள் ஏதாவது நகர்ந்தால் இன்னும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள் என்பதை இந்த வியாபாரத்தில் தெரிந்துகொண்டார்.

அங்கே நகர்ந்தவற்றில் ஒரு கடல்கன்னியும் இருந்தாள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவள், பொது நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். குளத்தைப் பழுது பார்ப்பதற்காக மூடினார்கள்; பழுது இன்னும் முடிந்தபாடில்லை. அந்தச் சமயத்தில்தான் முதலாளி, நன்றாக நீந்தத் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்தபடி சிரிக்க வேண்டும், அதுதான் தேர்வு. வந்தவர்களில் பலர் நீந்தினார்கள். சிரித்தது அவள் ஒருத்திதான்.

அந்த வேலை காதால் கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். இடுப்பிலிருந்து கால்நுனிவரை ரப்பர் வால். உள்ளே பவுடரைக் கொட்டி, உடை மாட்டிவிடும் அம்மாள் இழுத்து ஏற்றுவதற்குள் இருவருக்கும் வியர்த்துவிடும். வாலை மாட்டிவிட்டால் நடக்க முடியாது என்பதால் ஒரு தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தொட்டிவரை தள்ளிக்கொண்டுபோய் இறக்குவார்கள். தொட்டிக்குள் மீன்களுக்குச் சுகமான குளிர்ச்சி. மனித உடம்புக்குச் சற்று நேரத்தில் எலும்புவரை போகும். உப்புத் தண்ணீர். கடல்கன்னி நீச்சல் கண்ணாடி போட்டுக்கொள்வதில்லை என்பதால் அவளும் போட்டுக்கொள்ள முடியாது. செயற்கைப் பாறைக்குப் பின்னால் காற்றுக் குழாய் ஒன்று உண்டு. அங்கே போய் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, ஒரு குட்டிக்கரணம் போட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைப் பிளந்து நிற்கும் குழந்தைகளுக்கு முத்தம் ஒன்றைப் பறக்கவிட்டு, மறுபடி பாறைக்குப் பின்னால் போக வேண்டும்.

அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வீட்டில் ஏசி மெக்கானிக்கான கணவன், பள்ளிக்கூடம் போகும் மகள், பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காரும் நாத்தனார் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீருக்குள் யார் பேசுவதும் கேட்காது.

பிரச்சினை ஒரு காணொளியில் ஆரம்பித்தது. பார்க்க வந்த யாரோ, மாப்பிள்ளை தன் தொட்டிக்குள் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருவதையும், ஒவ்வொரு சுற்றிலும் மூக்கைச் சுவரில் இடித்துக்கொள்வதையும் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். வேறு யாரோ அதற்குப் பின்னால் ஒரு சோகப் புல்லாங்குழலைச் சேர்த்தார்கள். அதைப் பார்த்து அந்த நகரத்தில் அழாதவர்கள் இரண்டே பேர்தான்: முதலாளி, மாப்பிள்ளை.

காணொளி பொய்யில்லை. காலையில் வாலை மாட்டிக்கொள்ளப் போகும்போதெல்லாம் அவளே அதைப் பார்த்திருக்கிறாள். நின்று, "என்னடா ராசா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். அது நிற்காது.

நாத்தனார் அந்தக் காணொளியைக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்து, தேம்பித் தேம்பி அழுதாள். நல்ல மனசுக்காரி. தெருவில் அடிபட்ட நாயைத் தன் துப்பட்டாவில் சுற்றி எடுத்துவருகிற ரகம். அந்த வாரமே, விலங்குகளுக்காகப் போராடும் உயிர்நேயக் குழுவில் சேர்ந்துவிட்டாள். விடுமுறை நாள்களில் வணிக வளாகத்தின் வாசலில் பதாகை பிடித்து நின்றாள். அண்ணி அவளைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். ஒருநாள் அண்ணி வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துவந்து கையில் கொடுத்துவிட்டு, அப்படியே திரும்பி நின்று "மூடு, மூடு, சிறையை மூடு" என்று குரல் கொடுத்தாள்.

வீட்டில் பேச்சு வரும். அந்த வேலையை விட்டுவிடுங்கள் அண்ணி என்பாள் நாத்தனார். ஒரு உயிரை அடைத்துவைத்துச் சம்பாதிக்கிற இடத்தில் நீங்கள் எப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்பாள். சிரிப்பதற்குத்தான் சம்பளம் என்பாள் இவள். கணவனுக்குத் தங்கையும் வேண்டும், மனைவியும் வேண்டும். அதனால் பேச்சு அந்த இடத்துக்கு வந்ததும் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போய்விடுவான். அந்த மாதங்களில் அவர்கள் தொட்டி ஒருநாளும் வழியவில்லை.

முதலாளி முதலில் வக்கீலைக் கூப்பிட்டார். பிறகு டிக்கெட் கவுண்டரைப் பார்த்தார். பரிதாபப்பட வந்தவர்களும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. கூட்டம் முன்னைவிட அதிகம். வக்கீலைத் திருப்பி அனுப்பிவிட்டு, நிருபர்களை அழைத்து, மூடுவதைத் தவிரக் குழு கேட்டது அத்தனைக்கும் ஒத்துக்கொண்டார். கேட்காத சிலவற்றையும் சேர்த்து அறிவித்தார்.

அன்றிலிருந்து மாப்பிள்ளையின் வாழ்க்கையே மாறியது. நாளைக்கு இரண்டு காட்சிக்கு மேல் கிடையாது. மதியம் கட்டாய ஓய்வு. அதற்கென்று பின்பக்கம் தனிக் குளம், மங்கலான விளக்கு, வழுக்காத தரை. கண்ணில் லேசாகச் சிவப்புத் தெரிந்தால்கூட அன்றைக்குக் காட்சி ரத்து. சலிப்புத் தட்டாமலிருக்கப் பந்து, வளையம், ஐஸ் கட்டிக்குள் உறையவைத்த மீன். கண்ணாடியில் 'தட்டாதீர்கள், அதற்கும் காது உண்டு' என்று பலகை. தினமும் காலையில் வந்து உடம்பைச் சோதிக்க ஒரு கால்நடை மருத்துவர். மூக்கை இடிப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. நாத்தனார் அதைச் சொல்லி, வெற்றி என்று எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாள். அண்ணிக்கும் ஒன்று கிடைத்தது.

மறுநாள் முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மாப்பிள்ளை ஓய்வெடுக்கும் நேரத்தில் வருகிற கூட்டம் ஏமாந்து போகக்கூடாது என்றார்.

"அந்த நேரத்துல நீ கொஞ்சம் இறங்கிடும்மா. உனக்குத்தான் தண்ணி பழக்கமாச்சே."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அந்த வாரத்திலேயே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை விட்ட காட்சியெல்லாம் அவள் தலையில் விழுந்தது. மூன்றாக இருந்தது ஆறாயிற்று. ஈரம் காய்வதற்குள் அடுத்த இறக்கம். உடை மாட்டும் அம்மாள் வாலைக் கழற்றுவதை நிறுத்திவிட்டாள். கழற்றி மாட்டுகிற நேரத்தில் ஒரு வாய் சாப்பிட்டுவிடலாம் என்றாள். கடல்கன்னி தள்ளுவண்டியில் உட்கார்ந்தபடியே மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

முதலில் கண் எரிந்தது. பிறகு வலது காதுக்குள் யாரோ விரலை விட்டுக் குடைவதுபோல ஒரு வலி. தலையைச் சாய்த்தால் தலையணையில் ஈரம். கணவன் மருந்துக் கடையில் சொல்லிச் சொட்டு மருந்து வாங்கிவந்தான். அது காதுக்குள் இறங்கிய மறுநாள் காலையில் அவள் உப்புத் தண்ணீருக்குள் இறங்கினாள்.

கால்நடை மருத்துவர் அமைதியான மனிதர். மாப்பிள்ளையின் கண் இமையை விரலால் விலக்கிப் பார்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, பஞ்சால் ஒற்றியெடுப்பார். ஒரு காலையில் அவள் வால் மாட்டப் போகும் வழியில் நின்று, தன் கண்ணையும் ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டாள். அவர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கினார்.

"மனுஷங்களுக்கு நான் வைத்தியம் பார்க்கக் கூடாதும்மா. சட்டப்படி தப்பு. படிப்பையே பிடுங்கிடுவாங்க." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளைக்கு இப்படி இருந்தா நான் ஒரு மாசத்துக்குத் தண்ணியிலயே விடமாட்டேன்."

நல்ல காது மருத்துவரைப் பாருங்கள் என்றும் சொன்னார். பார்க்கலாம்தான். அவள் வேலை முடிந்து வால் கழற்றி மேலே வரும்போது மருத்துவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

உயிர்நேயக் குழுவின் கூட்டங்கள் முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் நடக்கும். ஒரு விடுமுறை நாள் மாலை நாத்தனாரின் முறை வந்தது. அண்ணி வேலையிலிருந்து வந்து முகம் கழுவுவதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் மகளின் படிப்பு மேசையிலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற வரி அதிகாரி. சிறைப்பட்ட உயிருக்குக் குளிர்ந்த உப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்பதை அவர் விளக்கிக்கொண்டிருந்தார். இவள் தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். நாத்தனார் பெருமையோடு, எங்கள் அண்ணி அங்கேதான் வேலை செய்கிறார்கள், உள்ளே நடப்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும் என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

தலைவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். "சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க. உள்ள நெலமை எப்படி இருக்கு?"

அவளுக்குக் காது விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. தட்டைப் பிடித்தபடியே சொன்னாள். "நெலமை நல்லா இல்ல சார். ஓய்வே இல்ல. நாளைக்கு ஆறு காட்சி."

கூடத்தில் ஒரு சலசலப்பு. இரண்டு என்றுதானே எழுதிக் கொடுத்தார்கள் என்றார் ஒருவர்.

"எழுதினது எனக்குத் தெரியாது. ஆறுதான் நடக்குது. கண்ணு எப்பவும் சிவந்தே இருக்கு. காதுல சீழ் வருது. வலிக்குதுன்னு சொன்னாலும் இறக்கி விட்டுடறாங்க."

"டாக்டர் பார்க்கலையா?"

"தினமும் வர்றாரு. ஆனா பார்க்க மாட்டேங்கறாரு."

"சாப்பாடு?"

"ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவுல, இருந்த இடத்துலயே."

பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை என்று படித்திருப்போம். அன்றைக்கு அவள் பேசிய வாக்கியங்களில் பயனிலை எல்லாம் சரியாக இருந்தது, எழுவாய்தான் இல்லை. தமிழில் அது ஒரு குறையாகத் தெரியாது, கேட்கிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள். அவர்கள் போட்டுக்கொண்டார்கள். பேனாக்கள் ஓடின. ஒரு பெண்மணி தேநீரைத் தொடாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு, இவர்கள் யாரை நினைத்துக் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று உறைத்தது. வாயைத் திறந்தாள். தலைவர் எழுந்து, நெஞ்சில் கைவைத்து, உங்கள் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன் என்றார். அதன்பிறகு, இல்லை சார், அது என் காது என்று சொல்ல அவளுக்கு என்னவோபோல இருந்தது. காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் நின்று யோசித்தபோது, சொல்லாமல் விட்டதில் கூச்சம் பாதி என்றால், இன்னொரு பாதி வேறு ஏதோ என்று தோன்றியது. தன் காதுவலிக்காக யாரோ கோபப்படுவதைக் கேட்பது நன்றாக இருந்தது. யாருடைய காது என்பதில் சிறு தவறு, அவ்வளவுதானே.

அறிக்கை பத்திரிகைகளுக்குப் போயிற்று. 'ஏமாற்று வேலை: ஆறு காட்சி, சீழ் வடியும் காது' என்று கொட்டை எழுத்தில் வந்தது. முதலாளி கொதித்துப்போனார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர்மேல் சுமத்தப்பட்டது முழுப் பொய். அந்த அனுபவம் அவருக்குப் புதிது. விலங்கு நலத் துறையைத் தானே கூப்பிட்டு, வந்து பாருங்கள் என்றார். நிருபர்களைக் கூப்பிட்டார். குழுவையும், வாசலில் நிற்காதீர்கள், உள்ளே வந்து உங்கள் கண்ணால் பாருங்கள் என்று அழைத்தார்.

துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி கோப்போடு வந்தார். மாப்பிள்ளையின் ஓய்வுக் குளத்தருகே கூட்டம் கூடியது. மாப்பிள்ளை கரைமேல் ஏறி, உடம்பு பளபளக்க, நெஞ்சை நிமிர்த்திப் படுத்திருந்தது. மருத்துவர் அதன் கண்களைக் காட்டினார். கண்ணாடிக் குண்டு மாதிரி தெளிவு. சுண்டுவிரல் நுனி அளவே இருந்த காதுமடலைத் தூக்கி டார்ச் அடித்துக் காட்டினார். புதுக் காது மாதிரி இருந்தது. காட்சி நேரங்கள் சரி. எடை சற்று கூடுதல். மாப்பிள்ளை சோதனை முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு அதிகாரியின் முகத்துக்கு நேராக ஒரு கொட்டாவி விட்டது.

உயிர்நேயக் குழுவின் தலைவர் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"புகார்ல ரொம்ப விவரமா இருக்கே. கண்ணு சிவப்பு, காதுல சீழ், வலின்னாலும் இறக்கறாங்க. இது சும்மா கற்பனை பண்ணி எழுதற மாதிரி தெரியலையே. யார் சொன்னது இது?"

தலைவர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் திரும்பிப் பார்த்தாள்.

ஓய்வுக் குளத்துக்குப் பக்கத்து நடைவழியில் ஒரு தள்ளுவண்டி நின்றுகொண்டிருந்தது. அடுத்த காட்சிக்குக் கடல்கன்னியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள், வழியை அடைத்துக் கூட்டம் நின்றதால் அங்கேயே நிறுத்தியிருந்தார்கள். வால் மாட்டியாகிவிட்டது, இறங்கி ஓடவும் முடியாது. தோளில் துவாலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் சிப்பி கோத்த கிரீடம். வலது காதில் பஞ்சு. கண்கள் மிளகாய்ப்பழம். வாசலில் அத்தனை நாள் நின்ற நாத்தனார் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. கொள்கைக்காக டிக்கெட் வாங்க மறுத்தவள். அண்ணியை அந்தக் கோலத்தில் அவள் பார்ப்பது இதுவே முதல் முறை.

மருத்துவர் டார்ச்சை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். கடைசியில் அவளே சொன்னாள்.

"அந்தக் காது என்னோடது மேடம்."

அதிகாரி வண்டியருகே வந்து அவளை மேலிருந்து கீழே வால்நுனிவரை பார்த்தார். இரக்கமாகத்தான் பேசினார். "உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா நீங்க எங்க பட்டியல்ல வரமாட்டீங்க. நீங்க தொழிலாளர் துறைக்குத்தான் போகணும்."

முதலாளி பதறி முன்னால் வந்தார். "இவங்க தொழிலாளி இல்ல மேடம். கலைஞர். ஒப்பந்தத்துல அப்படித்தான் போட்டிருக்கோம்."

"அப்போ அங்கயும் வரமாட்டாங்க" என்றார் அதிகாரி, கோப்பை மூடிக்கொண்டே.

முதலாளிக்கு நிம்மதியில் சிரிப்பு வந்துவிட்டது. தான் கூப்பிட்ட நிருபர்கள் எல்லோரும் பக்கத்திலேயே நிற்கிறார்கள் என்பது ஒரு கணம் மறந்துபோயிற்று. அந்தச் சிரிப்பு, தள்ளுவண்டி, பஞ்சு வைத்த காது மூன்றும் ஒரே படத்தில் அழகாக விழுந்தன.

'மாப்பிள்ளை நலம், கடல்கன்னிக்குக் காதுவலி' என்று மறுநாள் வந்த செய்திக்கு ஊரே சிரித்தது. சிரித்து முடித்த பிறகு சிலருக்கு என்னவோபோல இருந்தது.

அன்று மாலையே உயிர்நேயக் குழு கூடி விவாதித்தது. நம் விதிமுறையில் மனிதர்கள் இல்லையே என்றார் தலைவர். மனிதர்களையும் சேர்த்தால் எங்கே போய் நிற்பது என்று ஒருவர் கவலைப்பட்டார். நாத்தனார் அவர்களோடு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் கண்ணைப் பற்றி எதுவும் சொல்ல முடியவில்லை.

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. நம்ம ஹால்ல வச்சுத்தான் சொன்னேன். எல்லாரும் எழுதிக்கிட்டீங்க."

நாத்தனார் உள்ளே வந்தாள். பிறகு கத்தியை வாங்கிக்கொண்டு, நீங்கள் போய்ப் படுங்கள் என்றாள். வெங்காயத்தைத் தடிமன் தடிமனாக நறுக்கினாள். கணவன் அன்றைக்கும் மொட்டைமாடிப் பக்கம் போகக் கிளம்பினான். தொட்டி நிரம்பினால் நிரம்பட்டும், அண்ணனே வந்து அரிசியைக் களையட்டும் என்று நாத்தனார் சொன்ன குரலில் திரும்பி வந்துவிட்டான்.

மறுநாள் அவள் வாலை மாட்டிக்கொள்ளாமல் நேராக முதலாளியின் அறைக்குப் போனாள். அந்த அறைக்குள் அவள் இரண்டு காலால் நடந்து போனதே அபூர்வம். வளாக வாசலில் நிருபர்கள் நிற்பது அறையின் கேமராத் திரையில் தெரிந்தது. முதலாளி அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளைக்குப் போட்ட விதியெல்லாம் எனக்கும் வேணும் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "எல்லாமுமா? மீனு?"

"மீன் வேண்டாம் சார். மத்ததெல்லாம்."

அவர் திரையைப் பார்த்தார்; அவளைப் பார்த்தார். குளியல் தொட்டி வியாபாரத்திலிருந்தே அவருக்கு ஒரு பழக்கம் உண்டு: கொடுக்கத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால் தானே வலிய வந்து கொடுத்ததுபோலக் கொடுப்பார். மதியத்துக்குள் 'கடல்கன்னி நலக் கொள்கை' தயாராகிவிட்டது. இரண்டு காட்சி, கட்டாய ஓய்வு, கண் சிவந்தால் விடுப்பு, விடுப்புக்கும் சம்பளம். நாட்டிலேயே முதல் முறை என்று நிருபர்களிடம் சொன்னார். மாப்பிள்ளையும் கடல்கன்னியும் தனக்கு இரண்டு கண் மாதிரி என்றார். மற்ற காட்சிகளுக்கு வேறு பெண்களைத் தேட ஆரம்பித்தார். பலர் நன்றாக நீந்தினார்கள். தண்ணீருக்குள் சிரிப்புத்தான் வரவில்லை.

காது மருத்துவரிடம் நாத்தனார்தான் அழைத்துப் போனாள், பல் மருத்துவமனையில் விடுப்புப் போட்டுவிட்டு. என்ன தொழில் என்று மருத்துவர் கேட்டபோது அவளை முந்திக்கொண்டு, "கடல்கன்னி" என்றாள். மருத்துவர் தலை நிமிராமல், நீச்சல் என்று எழுதிக்கொண்டார். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது, சில வாரங்களுக்குத் தலையில்கூடத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்றார். ஓட்டை மூடிவிடும், ஆனால் அந்தக் காது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். நாத்தனார் வழியெல்லாம் அழுதாள். அந்தப் பக்கம் வரும் ஆட்டோ சத்தம் கேட்காது என்று அண்ணியைச் சாலையின் உள்பக்கமாக நடக்கவைத்தாள்.

விடுப்பில் அண்ணி முதல் சில நாள் தூங்கினாள். அப்புறம் பொழுது போகவில்லை. ஒரு சனிக்கிழமை, மகள் நச்சரித்ததால் அவளைக் கூட்டிக்கொண்டு காட்சியகத்துக்குப் போனாள், பார்வையாளராக. டிக்கெட் கிழிப்பவர் அவளிடம் டிக்கெட் கேட்கவில்லை. சேலையில் அவளை வேறு யாருக்கும் அடையாளமும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் காட்சியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று முதல் முறையாக முழுசாகப் பார்த்தாள். பந்தை மூக்கில் நிறுத்தியது, கைதட்டச் சொல்லித் துடுப்பை அடித்தது, கொடுத்த மீனை முகர்ந்து பார்த்தது. கூட்டம் சிரித்தது. மகளும் சிரித்தாள். காட்சி முடிந்ததும் அது கூட்டத்தைத் திரும்பியும் பார்க்காமல் ஓய்வுக்குப் போய்விட்டது. கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டாள்.

கடல்கன்னியின் தொட்டிக்கு முன்னாலும் கூட்டம் இருந்தது. 'கடல்கன்னி ஓய்வில் இருக்கிறார்' என்று விளக்குப் போட்ட பலகை. உள்ளே சின்ன மீன்கள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன. ஆனாலும் யாரும் நகரவில்லை. ஒரு அப்பா தோளில் இருந்த குழந்தையிடம், அந்தப் பாறைக்குப் பின்னால்தான் படுத்துத் தூங்குகிறாள், சத்தம் போடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறையையே பார்த்தது.

அவளும் பார்த்தாள். நீல வண்ணம் அடித்த பின்சுவர், பாறையின் விளிம்பில் தெரிந்த காற்றுக் குழாயின் முனை, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஒரு மீன் போய்த் திரும்புவதற்கு ஆன நேரம். உள்ளே இருந்தபோது எப்போதும் அந்தப் பக்கத்து முகங்களைத்தான் பார்த்தாள், தொட்டியைப் பார்த்ததில்லை.

பக்கத்தில் நின்ற அம்மாள் பெருமூச்சு விட்டுவிட்டு, பொதுவாக யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "பாவம். இவ்ளோ சின்ன தொட்டியில போட்டு வச்சிருக்காங்க."

வலது பக்கத்திலிருந்து சொன்னதால் அது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பி, "என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டாள். அவர் கொஞ்சம் சத்தமாக இன்னொரு முறை சொன்னார்.

"ஆமாம்மா. சின்னதுதான்" என்றாள் அவள். பிறகு, தன் மகளுக்கு மறைக்கிறது, சற்று நகர்ந்துகொள்ள முடியுமா என்று கேட்டாள்.